சத்தமே இல்லாத வண்டி

பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரின் கூம்பு அசைந்துகொண்டிருந்தது.

லக்விந்தர் முதலில் அதைக் கண்ணின் களைப்பு என்று நினைத்தான். கன்னா ஊரின் வண்டிக்கடைத் தெருவில் காலையில் இறங்கிய மூடுபனி பிற்பகலாகியும் விலகாமல், பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் ஈரத்துணி போலத் தரையைத் தொட்டுக் கிடந்தது, ஜி.டி. ரோட்டில் ஊர்ந்து போகும் லாரிகளின் ஹாரன் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து அடங்கியது. கொட்டகைக்குள் டீசல் புகையும், உரித்த ஒயரின் ரப்பர் வாடையும், ஈயம் உருகிய காரமும் கலந்து நின்றன. டிக்கியின் கதவு மேலே தூக்கியிருந்தது. உள்ளே, அன்று அவன் பொருத்திய, பேஸ் ஒலிக்கான ஊஃபர் பெட்டியில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்த கருப்புக் கூம்பு மெல்ல உள்ளே போயிற்று. நின்றது. மெல்ல வெளியே வந்தது. ஒலி எதுவும் இல்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஊஃபர் வைத்து முடித்ததும், எஞ்சினின் கீச்சொலி ஒயர் வழியாக ஏறுகிறதா என்று பார்க்க அப்படி ஓடவிடுவது வழக்கம். கீச்சொலி இல்லை. அவன் உள்ளங்கையைக் கூம்பின் மேல் வைத்தான். அது அவன் கையை நகர்த்தியது.

அந்தத் தெருவில் அவனுக்கென்று ஒரு பெயர் இருந்தது. கம்பெனி போட்டுத் தரும் செட்டைக் கழற்றாமல், அதன் மேல் ஊஃபரை ஏற்றுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. பின் ஸ்பீக்கர் ஒயரில் எங்கே கிள்ளி எடுக்க வேண்டும், பேட்டரியிலிருந்து வரும் கம்பியை எந்த ஓட்டை வழியாக இழுக்க வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டி எந்த இரும்பில் எர்த் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் விரல்களுக்குத் தெரியும். காலையில் அவனுடைய இந்தச் சொந்த வண்டியை விலைக்கு வாங்க வந்த தில்ராஜும் அதற்காகத்தான் கட்டாயப்படுத்தினான். சம்ராலா பக்கத்துப் பையன்; அவனை அண்ணனாக்கி 'பாஜி' என்றுதான் கூப்பிட்டான். அடுத்த வாரம் கல்யாணம்.

"பாஜி, பாட்டு போட்டா பொண்ணு ஊர் எருமையெல்லாம் கயித்த அத்துக்கிட்டு ஓடணும். அந்த அளவுக்கு பேஸ் வேணும்" என்றான்.

"கல்யாணம் உனக்கா எருமைக்கா?"

"எனக்குத்தான். ஆனா மாமனார் எருமைய எண்ணித்தான் என்னைய மதிக்கறாரு. கம்பெனி செட்ட மட்டும் தொட்டுறாதீங்க. ஸ்டியரிங் பட்டன் ஒண்ணு வேலை செய்யலேன்னாலும் அவரு என்னைய வாசல்லயே திருப்பி அனுப்பிருவாரு."

லக்விந்தர் சிரித்தான். ஒரு வருடத்தில் அவன் சிரித்த ஓரிரு சிரிப்புகளில் அதுவும் ஒன்று. பிறகு தில்ராஜ் குரலைத் தாழ்த்தி, "பாஜி, இவ்வளவு நல்ல வண்டிய ஏன் குடுக்கறீங்க?" என்று கேட்டான். லக்விந்தர் கொட்டகையின் பின்கதவைப் பார்த்தான். அதற்கு அப்பால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் வீடு, வீட்டில் அவன் மனைவி சரப்ஜீத்.

அவன் வண்டியை விற்பதே அவளுக்காகத்தான். அவர்களுடைய ஆறு வயது மகள் நூரி போன நாளிலிருந்து சரப்ஜீத் தினமும் வந்து இந்த வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். முதலில் சிறிது நேரம். பிறகு ரொட்டித் தட்டோடு. பிறகு தட்டு இல்லாமல். சாவி அவன் பையில் இருக்கும், எஞ்சின் அணைந்திருக்கும், அவள் மடியில் இரண்டு கைகளையும் கிண்ணம்போல் வைத்துக்கொண்டு எதையோ கேட்க முயல்பவள்போல் தலையைச் சாய்த்திருப்பாள். போன வாரம் அவளுடைய தங்கை லூதியானாவிலிருந்து வந்து, அவளைப் பார்த்துவிட்டு, சமையலறையில் அவனிடம் சொன்னாள்: "மாமா, அக்கா உங்க கையில இல்ல. பாதி போயிட்டா. மீதியாச்சும் பிடிச்சு நிறுத்துங்க." வண்டி போய்விட்டால் உட்கார இடமில்லாமல் சரப்ஜீத் வீட்டுக்குள் வருவாள் என்று அவன் நம்பினான். நம்புவதற்கு அவனிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

விற்கப்போவதை அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "அப்ப நூரி எதுல வருவா?" என்று மட்டும் கேட்டாள்.

கூம்பு உள்ளே போயிற்று. நின்றது. வெளியே வந்தது.

அவன் எர்த் கம்பியை அசைத்துப் பார்த்தான்; இறுக்கமாக இருந்தது. ரேடியோ அணைந்திருந்தது. போனின் ப்ளூடூத்தும் இல்லை. ஊஃபருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்புக்கு வரும் சிக்னல் ஒயரைப் பிடுங்கினான். கூம்பு நடுவில் நின்றுவிட்டது. மறுபடி சொருகினான். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது, விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோல், உள்ளே போயிற்று. அப்படியானால் பழுது ஊஃபரில் இல்லை. கம்பெனி செட் எதையோ அனுப்புகிறது.

அப்போதுதான் அவனுக்குத் தான் விட்ட வேலை நினைவுக்கு வந்தது.

இந்த வகை வண்டிகளின் கூரைத் துணிக்கு மேலே சின்ன மைக்குகள் இருக்கும். அவை வண்டிக்குள் எழும் இரைச்சலைக் கேட்கும். கேட்டதற்கு நேர் எதிரான ஓர் ஒலியைக் கதவு ஸ்பீக்கர்கள் போடும். ஒலியும் அந்த எதிர் ஒலியும் மோதி இரண்டும் செத்துப்போக, உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஊஃபர் வைக்கும்போது முதல் வேலையாக அந்த மைக்குகளின் ப்ளக்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஊஃபரோடும் சண்டை போட்டு மாடுபோல உறுமும். இதைத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன். ஆனால் அந்த ப்ளக் பின் இருக்கைக்கு நேர் மேலே இருந்தது. அதை எடுக்கப் பின் இருக்கையில் முழங்காலை ஊன்ற வேண்டும். காலையிலிருந்து மற்ற எல்லா வேலையையும் செய்துகொண்டு, அதை மட்டும் அவன் தள்ளிப்போட்டிருந்தான்.

ஆக, வண்டி எதையோ கேட்கிறது. கேட்டதை அழிக்கிறது. கதவிலிருந்த சின்ன ஸ்பீக்கர்களில் இவ்வளவு காலம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது, இன்று இந்தப் பெரிய கூம்பில் தெரிகிறது. இவ்வளவு மெதுவான ஒன்றை அந்தச் செட்டால் கேட்கவே முடியாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கூம்பு போய் வந்தது. போகும் ஒவ்வொரு முறையும் முடிவில் ஒரு சிறு நடுக்கம். பிறகு ஓர் இடைவெளி. அந்த நடுக்கத்தை அவன் அறிவான். இரவெல்லாம் நூரியின் கட்டிலருகே உட்கார்ந்து, அடுத்த மூச்சு வரட்டும் என்று வாஹேகுருவை வேண்டிக்கொண்ட இடைவெளி அது.

போன லோஹ்ரிப் பண்டிகை முடிந்த வாரம். இதே பனி. நூரிக்கு மூச்சு இழுத்தது. லூதியானா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ரோடு தெரியாமல் லாரிகள் நடுவழியில் நின்றுவிட்டன. அவன் கதவுக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து வண்டியை நகர்த்தினான். பின்னால் சரப்ஜீத்தின் மடியில் நூரியின் தலை. கண்ணாடியை ஏற்றியபோதெல்லாம் வண்டிக்குள் அருமையான அமைதி இருந்தது. வாங்கிய புதிதில் அவன் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டுபோய்ப் பெருமையடித்த அமைதி. சரப்ஜீத் தாலாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் குனிந்து பார்த்துவிட்டு, "மூச்சு எப்ப நின்னுச்சு?" என்று கேட்டான். இருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் சரப்ஜீத் இந்த இருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின் கதவைத் திறந்தான். நூரியின் நெஞ்சில் தடவிய தைலத்தின் வாசனை. ஒரு வருடமாக வண்டியில் யாரும் தைலம் தடவவில்லை.

முழங்காலை இருக்கையில் ஊன்றினான். கொட்டகை முழுவதும் விறைத்துப்போயிருந்த குளிரில் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கையை உயர்த்திக் கூரைத் துணியின் விளிம்பை நெம்பினான். கிளிப் உடைந்தது. ஒயர் கையில் பட்டது. ப்ளக்கின் நாக்கை அழுத்தினான்.

இழுத்தான்.

டிக்கியில் கூம்பு நின்றது.

அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து மூச்சு கேட்டது.

இழுப்பு. அடைத்த குழாயில் நீர் ஏறும் ஒலி. முடிவில் நடுக்கம். இடைவெளி. பிறகு வெளியே.

பயத்துக்கு முன்னால் அவனுக்குள் வந்தது சந்தோஷம். அதற்காக அவன் பிறகு வெட்கப்படவும் நேரம் இருக்கவில்லை. "நூரி" என்றான். மூச்சு அவன் பக்கம் திரும்பியது. ஒலி திரும்புவது காதுக்குத் தெரிந்தது. அவன் பின்வாங்கி, கதவுச் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டு, தரையில் கால் வைத்தான். ப்ளக் அவன் கையோடு, ஒயரின் நீளத்துக்குத் தொங்கி வந்தது.

பின்கதவில் சரப்ஜீத் நின்றிருந்தாள். சால்வை இல்லை. காலில் செருப்பு இல்லை. முற்றத்தின் ஈரம் பாதத்தில் ஒட்டியிருந்தது.

"எழுப்பிட்டீங்களா?" என்றாள்.

"சரப், உள்ள போ."

"தூங்கற புள்ளைய எழுப்பிட்டு என்னைய உள்ள போங்கறீங்க."

"ஒண்ணுமில்ல. செட்டுல ஏதோ கோளாறு. இப்ப சரி பண்ணிருவேன்."

அவள் அவனைக் கடந்துபோய், வழக்கமாக உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். முதலில் எதையோ கவனமாகத் தூக்கி நகர்த்தினாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் எதுவும் இல்லை. ஆனால் அவளுடைய சல்வார் துணி தொடையின் மேல் அழுந்திக் குழிந்தது.

மூச்சு அந்தக் குழியிலிருந்து வந்தது.

"பாருங்க" என்றாள் அவள். அவள் முகத்தில், ஒரு வருடமாக அவன் காணாத ஒளி. "நிக்கவே இல்லையே. அந்த ஆளு எப்ப நின்னுச்சுன்னு கேட்டானே. நிக்கவே இல்ல. நமக்குக் கேக்கலங்க, அவ்வளவுதான்."

லக்விந்தர் கையிலிருந்த ப்ளக்கைப் பார்த்தான். அதைத் திரும்பச் சொருகினால் ஒலி போய்விடும். ஒலி போனால் சரப்ஜீத் இறங்குவாள், அழுவாள், அவன் அவளை வீட்டுக்குள் கூட்டிப்போவான். கையை உயர்த்தினான்.

"வேணாங்க." அவள் குரல் கெஞ்சியது. "மறுபடி அவ வாயப் பொத்தாதீங்க."

கை நடுவழியில் நின்றது.

மூச்சு இழுத்தது. நடுங்கியது. இடைவெளி நீண்டது. அவனும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான், அந்த இரவுகளில் கட்டிலருகே காத்திருந்தது போலவே. வரட்டும். வரட்டும். வந்தது. அவனுக்கு அழுகை பொங்கியது. ப்ளக்கை விட்டுவிட்டான்.

முன்கதவைத் திறந்து, குனிந்து சாவியைத் திருப்பிவிட்டுச் சாத்தினான். எஞ்சின் குலுங்கி அடங்கியது. விளக்குகள் அணைந்தன. இனி செட்டில் உயிருள்ள கம்பி ஒன்றுகூட இல்லை.

மூச்சு நிற்கவில்லை.

இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. அணைக்க வேறு எதுவும் இருக்கவில்லை.

பையில் போன் அதிர்ந்தது. தில்ராஜ். அதிர்ந்து ஓய்ந்தது.

"சரப், இறங்கு. என் கையப் புடிச்சுக்க. வா."

"சத்தம் போடாதீங்க. கண்ணசர்றா."

"சரப்..."

"கதவச் சாத்துங்க. குளிருது அவளுக்கு."

அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த கையை உடனே விட்டான். பனியில் கிடந்த இரும்புக் குழாயைத் தொட்டதுபோல் இருந்தது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல், கொஞ்சம் கேலியாக. தானே கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். எல்லாக் கதவுகளிலும் உள்ளிருந்து பூட்டு விழும் ஓசை கேட்டது; சாவி உள்ளேயே இருந்தது.

அவன் கண்ணாடியைத் தட்டினான். கத்தினான். கைப்பிடியை இழுத்தான்.

உள்ளே சரப்ஜீத் தாலாட்டைத் தொடங்கியிருந்தாள். அவள் நெற்றி கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கீழே, மடியின் உயரத்தில், கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு சிறு வெண்படலம் பூத்தது, சுருங்கியது, மறுபடி பூத்தது. ஒவ்வொரு முறையும் சற்றுப் பெரிதாக, ஒவ்வொரு முறையும் சற்றுச் சீராக, நன்றாகத் தூங்கும் குழந்தையின் மூச்சைப்போல.

மேலே, பாடிக்கொண்டிருந்த வாய்க்கு நேராக, கண்ணாடி துடைத்ததுபோல் தெளிவாக இருந்தது. லக்விந்தர் பார்த்துக்கொண்டே நின்றான். சரப்ஜீத்தின் உதடுகள் அசைந்தன, அசைந்தன, அந்தக் கண்ணாடியில் ஒன்றும் படியவில்லை.