முகாம் மேட்டுப் பேன் சீப்பு

மழை வருமுன் வேலையை முடித்துவிட வேண்டுமென்று, அகழாய்வு மேட்டில் தோண்டி எடுத்ததையெல்லாம் தட்டில் அள்ளிக்கொண்டு மதியமே கொட்டகைக்கு வந்துவிட்டான் கொழுந்தன். அவற்றைச் சுத்தம் செய்வது அண்ணியின் வேலை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பட்டாளம் முகாமிட்டிருந்த மேடு அது. சட்டைப் பித்தான்கள், புகை பிடிக்கும் உடைந்த சுங்கான், ஈயக் கரண்டி, எலும்பில் செதுக்கிய ஒரு பேன் சீப்பு.

சீப்பின் பற்களுக்கிடையே ஈர் காய்ந்து ஒட்டியிருந்தது.

“உவ்வே! இத்தனை காலமாகியும் விடலையே இதுங்க!”

“சண்டையில செத்தவன விட சொறிஞ்சே செத்தவன்தான் அதிகம் போல, அண்ணி.”

அவள் சிரித்துக்கொண்டே தூரிகையால் தேய்த்தாள். சீப்பை வெள்ளைத் தாளில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது தாள் நனைந்திருந்தது. சீப்பில் ஒரு கொத்து முடி. பிசுக்கும் வேர்வையும் சீழும் கலந்த புளித்த நாற்றம். முடிக்குள் ஏதோ நெளிந்தது.

உயிருள்ள பேன்கள்.

“தம்பி, விளையாட்டுக்கு ஒரு அளவில்லையா?”

“நான் உட்கார்ந்த இடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல. பேனப் பெருமாளாக்காதீங்க அண்ணி.”

அவன் குனிந்து பித்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் பின்தலையில் முடி தானாக விலகியது.

நேராக ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. அவசரமே இல்லாமல், யாரோ வாருவதைப் போல.

தாளைப் பார்த்தாள். சீப்பு இல்லை.

“யாரு வாருறது, அண்ணி... சுகமா இருக்கு...”

அவன் கண்கள் சொருகின. எள்ளைக் கொட்டியதுபோல் தோளெல்லாம் பேன்கள் உதிர்ந்தன. இரண்டு அவன் காதுக்குள் நுழைந்தன.

 அவளுக்குத் தொடவே கூசியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, பிசுபிசுத்த கழுத்தைப் பிடித்து அவனை வெளியே இழுத்துப் போட்டாள். வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.

அன்றே அவன் மொட்டை அடித்துக்கொண்டான். நாற்காலிக்கடியில் கிடந்த சீப்பை அவள் இடுக்கியால் எடுத்தாள். தட்டோடு எல்லாவற்றையும் பழைய குழியிலேயே கொட்டி மூடினார்கள்.

சில நாள் கழித்துத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. அன்று கொழுந்தனும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் தட்டின்மேல் குனிந்தாள்.

காதுக்குப் பின்னால், இரண்டு நகங்களுக்கிடையில் எதையோ வைத்து நசுக்குகிற சத்தம்.

டிக்.

பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு துளி தெறித்தது.

கொழுந்தனின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவன் பார்வை அவள் தலைக்கு மேலே நிலைத்திருந்தது.

“அண்ணி,” என்றான் மெதுவாக, “அசையாதீங்க.”

டிக்.