ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனால் மொட்டை மாடியில் கணுக்கால் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

ஈரத்துணி வாளியோடு கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள் அவள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பயிற்சிக்காக வெளியூர் போய் நேற்றுதான் திரும்பியிருந்தாள். நான்கே நாளில் வீட்டின் தலைமேல் ஒரு குளமா... மூன்று வருடமாக மழை வந்தால் கூடத்தில் வாளியும் குண்டானும் வரிசை கட்டும் வீடு இது. அடுத்த மழைக்காலத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி.

தண்ணீர் போகிற குழாய் வாயை யாரோ சாக்குத் துணியால் அடைத்திருந்தார்கள். வந்த கோபத்தில் ஒரே இழுப்பு. பத்தாததற்கு, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த மண் வரப்புகளையும் காலால் உடைத்துவிட்டாள். குளம் கடகடவென்று இறங்கியது.

"அதை எடுத்திருக்க வேண்டாமே..."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். முழங்கால் வரை மடித்த பேன்ட், காதில் பென்சில்.

"யாரு நீங்க? குழாயை அடைச்சது நீங்கதானா?"

"நான்தான்."

"ஏற்கெனவே ஒழுகுற வீடு. அதுல தண்ணியை வேற கட்டி வெச்சிருக்கீங்க. உங்க வீடா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"என் வீடா இருந்தாலும் இதைத்தான் செய்வேன். எங்க இறங்குதுன்னு தெரியணும்ல... மாடியை நாலு பாத்தியாப் பிரிச்சுத் தண்ணி கட்டி, எது சீக்கிரம் குறையுதுன்னு பார்க்கணும். நாற்பத்தெட்டு மணி நேரம் நிக்கணுங்க." சுவரில் பென்சிலால் போட்டிருந்த கோடுகளை ஒருமுறை பார்த்தான். "நாற்பது ஆயிடுச்சு."

அவளுக்குச் சுரீரென்றது. தப்பு தன்னுடையது என்று புரிந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை... அடக்கிய சிரிப்பு இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அப்பா சொன்னார், பொண்ணு ஊர்ல இல்லைன்னு. இப்படித் திடுதிப்புன்னு வருவீங்கன்னு சொல்லலை. பரவாயில்ல... மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். இன்னும் ரெண்டு நாள் நான் இங்க வந்தாகணும்."

"உங்க வேலை, உங்க இஷ்டம்" என்று வெடுக்கென்று திரும்பிப் படியிறங்கினாள். பாதிப் படியில்தான் துணி வாளியை மாடியிலேயே மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுக்க ரோஷம் விடவில்லை. அம்மாதான் போய் எடுத்து வந்தாள்.

"தெருவே அவரை 'ஒழுகல் டாக்டர்'னு கூப்பிடுது. நீ போய் நோயாளியையே எழுப்பி விட்டுட்டு வந்திருக்கே" என்றாள் அம்மா.

மறுநாள் அவளே மாடியேறினாள். மன்னிப்புக் கேட்கத்தான். ஆனால் கேட்டது வேறு. "நீங்க இல்லாத நேரத்துல யார் அளவு பார்ப்பாங்க?"

அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான். "லேப்ல வேலை பார்க்கிறவங்க. அளவுல பொய் சொல்ல மாட்டீங்க."

அந்த இரண்டு நாளும் விடுப்புதான் அவளுக்கு. மூன்று மணிக்கொரு தடவை நான்கு பாத்தியிலும் கோடு போட்டு, நேரத்தை எழுதினாள். அவன் வரும்போது கோடுகளைக் காட்டினாள். பிறகு படியில் உட்கார்ந்து பேசினார்கள்... அவன் மேல்படி, அவள் நான்கு படி கீழே.

"மூணு பேர் வந்து பூசிட்டுப் போனாங்க. எல்லாரும் கூடத்துக்கு நேர் மேலதான் பூசினாங்க" என்றாள்.

"அதாங்க தப்பு. ஒழுகுற இடத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்க. தண்ணி நுழையிற இடம் வேற எங்கேயோ இருக்கும்." கொஞ்சம் தயங்கினான். "கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு உங்களுக்கு வந்த கோபம்... தண்ணிக்காக வந்தது மாதிரி தெரியலை."

அவளுக்கு நிச்சயம் வரை வந்த கல்யாணம் ஒன்று, இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஃபோனில் நின்றுபோனது. அதற்குப் பிறகு எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாள். 'கோபக்காரி' என்று உறவெல்லாம் பட்டம் கட்டியாயிற்று. எங்கிருந்து வருகிறது இந்தக் கோபம் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றாள் மெதுவாக.

"தப்பில்ல. ரெண்டு நாள் கூடக் கிடைச்சுது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டதே... அதை அவன் பார்க்கக் கூடாது.

முடிவு வந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்த பாத்தியில் மட்டும் இரண்டு விரல் அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது. அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். முப்பது வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இந்த வீடு அவர் கண்ணெதிரில், செங்கல் செங்கலாக எழும்பியது.

"தொட்டிக்குத் தூண் கட்டினப்போ அடியில இருந்த பழைய தளத்தைக் கொத்தி விடலை சார். புதுசு பழசோட ஒட்டலை. அந்த இடுக்குல இறங்குற தண்ணி, தளத்துக்கு அடியிலேயே ஓடி இங்க வந்து சொட்டுது."

"தொட்டி அந்தக் கோடியில. கூடம் இந்தக் கோடியில. நடுவுல முப்பது அடி. தண்ணி என்ன, பஸ் புடிச்சா வரும்?"

"சரிவு இருந்தா போதும் சார், வந்துரும்."

"அந்தத் தூணைக் கட்டினது யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நீங்கதான்."

அப்பா முகம் சிவந்தது. அவளுக்கு அந்தக் கதை தெரியும். பார்த்துப் பார்த்துப் போட்ட தளத்தைக் கொத்த அப்பாவுக்கு மனசு வரவில்லை. அப்படியே மேலே தூணை ஏற்றச் சொல்லிவிட்டார். வேறு யார் வீடாக இருந்தாலும் வேலையாட்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? மேல நல்லா ரெண்டு கோட்டு பூச்சு அடிச்சுட்டுப் போ. அது போதும்."

"அடிச்சா பார்க்க அழகா இருக்கும். மழைக்கு நிக்காது சார். மூடி மறைக்கிற வேலை எனக்கு வேண்டாம்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் அவளைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றான். அளவெல்லாம் எழுதியது அவள் கைதான்... 'அவர் சொல்றது சரிப்பா' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூரை போனால் போகட்டும். அந்த ஒரு நொடி மௌனம்தான் முள்ளாக உறுத்தியது.

மூன்றாம் நாள், லேபில் கேட்டு ஒரு குப்பி நீலச் சாயம் வாங்கி வந்தாள். தொட்டித் தூண்களைச் சுற்றி மட்டும் மண்ணால் சின்னக் கரை கட்டித் தண்ணீர் ஊற்றினாள், குப்பியை அதில் கவிழ்த்தாள். என்னடி இது என்று அம்மா கேட்டதற்கு, "டெஸ்ட்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் காலை. அப்பா தன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய வழுக்கைத் தலையில் டொப்பென்று ஏதோ விழுந்தது. தடவிப் பார்த்தார். விரல் நீலமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரையிலும் ஒரு நீலப் பொட்டு, அடுத்த சொட்டுக்குத் தயாராக.

"தலையெழுத்துன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பதான் கண்ணால பார்க்கிறேன்" என்றாள் அம்மா.

அவள் அப்பா முன்னால் போய் நின்றாள். "அவர் சொன்னது சரிப்பா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு பேசாம இருந்துட்டேன்."

அப்பா நீல விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு ஃபோனை எடுத்தார். "தம்பி... நான்தான். தப்பு என் பக்கம். தூணடியைக் கொத்திடுங்க. எவ்வளவு கொத்தணுமோ அவ்வளவு."

அவன் வந்தான். தூணடியைக் கொத்தினான், விரிசலை அடைத்தான், வலைத்துணி பரப்பினான், ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். இரண்டு பேரும் சிமென்ட் கலவை பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். அவள் லேபிலிருந்து வந்ததும் மாடியேறுவாள். என்னென்னவோ பேசினார்கள். பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை.

கடைசி நாள் சொன்னான், "மழை வந்து ஒழுகினா கூப்பிடுங்க. எந்த நேரமானாலும் வர்றேன்."

ஒழுகாவிட்டால்...? அதை அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மழை ஒரு ஞாயிறு மதியம் வந்தது. ஊரையே தூக்கிக் கொண்டுபோகிற மழை. மூன்று பேரும் கூடத்தில் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். அரை மணி, ஒரு மணி... கூரை காய்ந்தே கிடந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அம்மா குண்டான்களை அடுக்களைக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

அவளுக்கு மட்டும் அழுகை முட்டியது. அவன் வேலை ஜெயித்துவிட்டது. இனி அவன் இந்த வீட்டுக்கு வர வேண்டியதே இல்லை.

அறைக்குள் போய் ஃபோனை எடுத்தாள். 'மூலையில ஈரம்' என்று ஒரு பொய் சொன்னால் போதும், ஓடி வருவான். ஆனால் அவனிடம், அதுவும் அவன் வேலையைப் பற்றி, பொய் சொல்ல அவளால் முடியாது.

"ஒழுகுதா?" முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"இல்ல... ஒரு சொட்டுகூட ஒழுகலை."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்புறம்... எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"இனிமே நீங்க இங்க வர ஒரு காரணமும் இல்ல. அதை நினைச்சா எனக்குத் தாங்கலை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. காரணம் இல்லாம... வருவீங்களா?"

 

"பன்னிரண்டு வருஷமா இந்தத் தொழில். முதல் மழைக்கு, நான் பூசின எந்த வீடும் ஒழுகக் கூடாதுன்னு வேண்டிக்குவேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா... ஒரே ஒரு சொட்டு ஒழுகாதான்னு ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். முக்கால் மணி நேரமா."

ஜன்னலைத் திறந்தாள். கேட்டுக்கு வெளியே, தொப்பலாக நனைந்து, ஃபோனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றான் அவன். அந்தக் கண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் கூடத்தைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள். அப்பா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு பாப்பா, மழையில? நம்ம தம்பியா? ஒழுகுதான்னு பார்க்க வந்தாரா?"

அவள் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

"இல்லப்பா. என்னைப் பார்க்க வந்திருக்கார்."