உறைந்த திரைக்குள் ஒரு கடிதம்

அன்றைக்கு அது நாலாவது வீடு. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற அந்த மனிதர், கண் இரண்டும் எரிய, பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடத் தெம்பில்லாமல் வாசலில் நின்றார். மத்தியானம் மூன்று மணி.

"வாங்க சார். பதினோரு நாளா அணைக்காம வச்சிருக்கேன்" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

ஜன்னல் திறக்காத அறை. தைல வாடை. அவள் கணவர் டைப் அடித்துக்கொண்டிருந்தபோதே, கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி உயிரை விட்டிருந்தார். எழுதியதைச் சேமிக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த எடிட்டர் மென்பொருளும் அப்படியே உறைந்துபோயிருந்தது. திரையில் ‘அன்பு மகளுக்கு’ என்கிற வரி மட்டும்.

"ஆறு வருஷமா அவகிட்ட இவரு பேசல. நாளைக்கு வர்றா. அப்பா என்னதான் எழுதினாருன்னு கேப்பாளே சார்."

எடிட்டரை மூடினால் எல்லாம் போய்விடும். பழுதுபார்க்க வந்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஓடுகிற மென்பொருளுக்குள் எட்டிப்பார்க்க உதவும் டீபக்கரை ஓட்டினார். எடிட்டரை அசையவிடாமல் நிறுத்திவைத்து, அதன் மெமரியில் கிடந்ததையெல்லாம் ஒரு கோப்பில் அள்ளிக் கொட்டினார். அந்தக் குப்பைக்குள் ‘அன்பு மகளுக்கு’ என்று தேடினார்.

கிடைத்தது. பாதிக் கடிதம். ‘நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வ’ என்று அறுந்து நின்றது.

"அவ்வளவுதானா சார்?"

இன்னொரு பிரதி அகப்படுமோ என்று மறுபடி அள்ளினார்.

‘...நான் வந்தேன். வாசல்வரைக்கும்.’

கண்ணைக் கசக்கிக்கொண்டார். நிறுத்திவைத்த எடிட்டர் அது. ஓர் எழுத்துகூட மாற வழியில்லை.

கீபோர்டு வயரைப் பிடுங்கிவிட்டு, மவுஸாலேயே மூன்றாம் முறை அள்ளினார்.

‘உள்ளே வர முகமில்லை.’

டக்.

கீபோர்டின்மேல் யார் கையும் இல்லை.

டக்.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பையை எட்டிப் பிடித்தார். அவள் அவர் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

"நிறுத்திடாதீங்க சார். அவர் ஒத்தை விரலாலதான் அடிப்பாரு. மெதுவாத்தான் வரும்."

ஐந்து மணிக்குக் கடிதம் ‘அப்பா’ என்று முடிந்தது. அச்செடுத்துக் கொடுத்தார். அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். டக் டக் ஓய்ந்துவிட்டிருந்தது.

"விட்டுப்போனது ஏதாச்சும் இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்களேன்."

ஓய்ந்துபோன கையால் கடைசியாக ஒருமுறை அள்ளினார். ‘அப்பா’வுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. அது மகளுக்கு எழுதியதல்ல.

‘தம்பி, வேலை முடிஞ்சுதுன்னா என் மடியிலேருந்து எந்திரிங்க.’