முக்கால் முழக் குழல்

அப்பா சொன்னபடி அதை ஆற்றில் எறிந்திருக்க வேண்டும். கையை ஓங்கியும் விட்டேன். விரல்கள்தான் திறக்கவில்லை. காலித் தோட்டாக்கூடு உள்ளங்கைக்குள் என் சூட்டிலேயே சூடேறிக் கிடந்தது. பள்ளத்தாக்கின் கீழ்முனையில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. போலீஸ்.

எனக்குப் பின்னால், ஓடையோரத் திட்டில், தார்ப்பாய்க்கு அடியில் அங்கஸ் கிடந்தான். இரவு முழுக்க மழையில் அங்கேயேதான் கிடந்தான். போலீஸ் வரும்வரை நகர்த்தக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வயது. முந்தின நாள் மத்தியானம், நான் டின் பீன்ஸைக் கருக்கிவிட்டேன் என்று என்னைக் கேலி செய்து கொண்டிருந்தான்.

அவனைக் கொன்றது நான்தான் என்று அப்பா நம்பினார். நானும் அப்படியே நம்பினேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. துப்பாக்கி உரிமம் கைக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. இப்போது வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். இதை இதுவரை ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஹெலிகாப்டரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். சார்ஜென்ட் லோர்னாவை எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. ஐம்பது வயது, ரப்பர் பூட்ஸ், எதற்கும் அவசரப்படாத நடை. வருடத்துக்கு இரண்டு மானாவது அவரே சுட்டு எடுப்பார். கூட வந்த ஃபின் புதுக் கான்ஸ்டபிள். தரையில் கால் படும் முன்பே நோட்டுப் புத்தகத்தைத் திறந்திருந்தான்.

அப்பா அவர்களுக்கு எதிரே போய் நின்றார்.

"நான்தான் லோர்னா சுட்டேன். எம் பொண்ணு கெரியோட துப்பாக்கிய எடுத்துட்டுப் போனேன். மான்னு நெனச்சுட்டேன்."

"உங்க துப்பாக்கி என்னாச்சு ரேவி?"

"அது நீளம். இந்தக் கொடிக்காட்டுல அதத் தூக்கிட்டு எங்க போறது? குட்டைதான் சௌகரியம்."

அது உண்மைதான். அதனால்தான் பொய்யும் உண்மை போலவே கேட்டது. எங்கள் காட்டில் பிரம்புக் கொடிகள் மனிதனைக் கட்டிப் போட்டுவிடும். நீளக் குழல் பத்தடிக்கு ஒருமுறை எதிலாவது சிக்கும். அதன் முனையில் சைலன்சரையும் மாட்டினால் படகுத் துடுப்பைச் சுமப்பது போல இருக்கும். அதனால் அப்பா பட்டறையில் குழலை அறுத்துக் கொடுப்பார். மிஞ்சுவது முக்கால் முழம். சைலன்சர் மாட்டினால் சாதாரணத் துப்பாக்கியின் நீளம் வரும், அவ்வளவுதான். குண்டின் வேகம் கொஞ்சம் குறையும். எண்பது கஜத்துக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குத் தெரியாத காட்டில் அதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

அப்பாவின் வேட்டைக் கூட்டாளி நெவில் அங்கிள் முதலில் சிரித்தார். "என்ன ரேவி, கோழி சுடப் போறியா?" என்றார். ஒரு நாள் என்னுடையதைச் சுமந்து பார்த்தார். அடுத்த வாரமே தன் துப்பாக்கியைக் கொண்டு வந்து, "எனக்கும் அறுத்துக் குடுய்யா" என்று நின்றார். அதே கம்பெனி, அதே அளவுத் தோட்டா, அதே முக்கால் முழம், அதே சைலன்சர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

அங்கஸ் அவருடைய அக்கா மகன். கலைமான்கள் கத்தும் ஏப்ரல் மாதத்தில் நாங்கள் நாலு பேரும் ஆற்றோரத்து வேட்டைக் குடிலுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

லோர்னா நெவில் அங்கிளை விசாரித்தபோது நான் குடில் வாசலில் நின்றிருந்தேன்.

"நான் எதிர்க்கரைல இருந்தேன். நேத்து சாயங்காலம் ஆறேகால் இருக்கும். சரிவு மேல பளிச்சுனு தீ, நாக்கு நீட்டுன மாதிரி. அப்புறம் சத்தம். மான் விழுந்துருக்கும்னு நெனச்சேன். நம்ம பையன்னு..." அவர் குரல் உடைந்தது. "ரேவி மேல எனக்குக் கோவமில்ல. யாருக்கு வேணா நடக்கலாம்."

"நீங்க சுடலயா?"

"ஒரு குண்டு கூட இல்ல."

"தீயப் பாத்தீங்க?"

"குட்டைக் குழலாச்சே லோர்னா. கக்கத்தான செய்யும்."

லோர்னா அதை அப்படியே எழுதிக்கொண்டார். உள்ளே சுவரில் மாட்டியிருந்த என் துப்பாக்கியையும் அதன் முனையில் இருந்த கறுப்பு சைலன்சரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நேத்தும் மாட்டியிருந்ததா கெரி?"

"கழட்டுனதே இல்ல. சைலன்சர் இல்லாம சுட்டா காது போயிரும்னு அப்பா திட்டுவாரு."

"ராத்திரியில போல்ட்டெல்லாம் எங்க வெப்பீங்க?"

ஷெல்பில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டினேன். குடிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றி ஒரே டப்பாவில் போட வேண்டும். அது அப்பாவின் சட்டம். தோட்டாவைக் குத்தி வெடிக்க வைப்பது போல்ட்தான்; அது இல்லாத துப்பாக்கி வெறும் தடி. காலையில் அவரவர் போல்ட்டை அவரவர் எடுத்துக்கொள்வோம். அன்று காலை போலீஸ் வருகிறது என்றதும் நெவில் அங்கிள்தான் எல்லாவற்றையும் எடுத்துத் துப்பாக்கிகளில் பொருத்தி வைத்திருந்தார். "ஒழுங்கா இருக்கட்டும்" என்றார்.

அப்போது ஓடைப் பக்கமிருந்து ஃபின் ஓடி வந்தான். "சார்ஜ்! கூடு கெடச்சுருச்சு! கேஸ் முடிஞ்சுது!"

"கத்தாதடா. எங்க கெடச்சுதுன்னு என் காதுல மட்டும் சொல்லு."

நான் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் லோர்னா வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றி நீட்டினார். வாங்க எனக்கு வலது கை வரவில்லை. இடது கையை நீட்டினேன்.

"அந்தக் கைல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காலைலேர்ந்து மூடியே வெச்சிருக்க."

என்னால் முடியவில்லை. விரலைத் திறந்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சரிவின் உச்சியில் உட்கார்ந்திருந்தேன். கீழே கிளை முறிவது போல ஒரு சத்தம். அது அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் பெரணிக்குள் பழுப்பாய் ஒரு முதுகு அசைந்தது. கொம்பைப் பார்த்தேன். ஆறு கிளை. சுட்டேன். அது ஓடிவிட்டது. தேடாமல் குடிலுக்கு வந்துவிட்டேன். இருட்டிய பிறகு அங்கஸைத் தேடிப்போன அப்பா திரும்பி வந்து, "நீ சுட்டியா?" என்றார். "கூடு எங்க?" என்றார். "ஆத்துல போடு. யாருகிட்டயும் வாயத் தொறக்காத" என்றார்.

லோர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டின் அடிப்பாகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எத்தன தடவ சுட்ட?"

"ஒரே தடவ."

"இத எங்க எடுத்த?"

"சுட்ட எடத்துலயே. கூட்டுல அப்பா திரும்ப மருந்து அடைப்பாரு. அதனால ஒண்ணையும் காட்டுல விட மாட்டோம். வெளிய வரும்போதே கைல புடிச்சுருவேன்."

"நெவில்?"

"அவரு கடைத் தோட்டா வாங்குவாரு. கூட்ட அப்பிடியே விட்டுருவாரு. அப்பாதான் பொறுக்குவாரு."

அவர் எழுந்து என் தலையில் ஒருமுறை கை வைத்தார். "ஃபின்! அந்த ரெண்டு குட்டையையும் எடுத்துட்டு வா. ஆத்து மேட்டுல ஒவ்வொண்ணுலயும் ஒரு குண்டு சுடு. கூடு ரெண்டையும் மாத்திராம எடுத்துட்டு வந்துரு."

குடில் மேசையில், நேற்றைய சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில், நாலு கூடுகள் வரிசையாக நின்றன. அப்பா ஒரு பக்கம், நெவில் அங்கிள் எதிர்ப்பக்கம். நான் அடுப்பருகே நின்றேன்.

என் கூட்டைப் பார்த்ததும் அப்பா எழுந்தார். "கெரி, நான் என்ன சொன்னேன்?"

"உக்காருங்க ரேவி," என்றார் லோர்னா. "ஒங்க பொண்ணு ஒங்க பேச்சக் கேட்டிருந்தா நானும் ஏமாந்துருப்பேன். அங்கஸ் ஒடம்புல பட்ட குண்டு தூள் தூளாயிருக்கும். எந்தக் குழல்லேர்ந்து வந்துதுன்னு அத வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. மிச்சம் கூடுதான். போல்ட்டுக்குள்ள இருக்கிற ஊசி, தோட்டாவோட அடியில குத்துற தழும்பு."

முதல் கூட்டைத் தொட்டார். "இது ஃபின் கண்டுபுடிச்சது. தழும்பு ஓரமா விழுந்திருக்கு. ரெண்டாவது இப்ப கெரி துப்பாக்கில சுட்டது. இதுலயும் ஓரம்."

"அப்ப கெரி துப்பாக்கிதான் சார்ஜ்!" என்றான் ஃபின்.

"பொறு. மூணாவது, நேத்து கெரி சுட்டுக் கைல புடிச்சது. காலைலேர்ந்து அவ கைலயே இருந்தது. தழும்பு எங்க இருக்கு?"

ஃபின் குனிந்தான். "நட்ட நடுவுல."

"நாலாவது, இப்ப நெவில் துப்பாக்கில சுட்டது."

"அதுவும் நடுவுல." ஃபினின் காது சிவந்தது.

"நேத்து சாயங்காலம் கெரி துப்பாக்கி நடுவுல குத்துச்சு. இன்னிக்குக் காலைல ஓரமாக் குத்துது. துப்பாக்கி ராத்திரியில புத்தி மாறாது. போல்ட்தான் மாறியிருக்கு. ரேவி, ஓரமாக் குத்துற போல்ட் யாரோடது?"

அப்பா நெவில் அங்கிள் பக்கம் திரும்பினார். அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "குழல் அறுத்தன்னிக்கே சொன்னேன். ஊசி ஓரமாக் குத்துது, மாத்திக்கன்னு. சுடுதுல்ல, போதும்னான்."

"அந்தக் கூடு கெடச்சது சரிவு மேல இல்ல," என்றார் லோர்னா. "கீழ ஓடையோரப் பெரணியில. அங்கஸ் விழுந்த எடத்துலேர்ந்து அறுபது கஜம். கிளை முறிஞ்ச மாதிரி கெரி கேட்ட சத்தம் அதுதான். எனக்கு முதல்ல உறுத்துனது அந்தத் தீ. எங்கிட்டயும் ஒரு குட்டை இருக்கு நெவில். சைலன்சர் இல்லாட்டி தீ கக்கும், சரி. மாட்டியிருந்தா இருட்டுல கூட ஒரு பொறி தெரியாது. கெரி துப்பாக்கில அது கழட்டுனதே இல்ல. நீங்க பாக்காத தீய எனக்குக் காட்டுனீங்க. ஏன்?"

நெவில் அங்கிள் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார். அடுக்கினார். மறுபடி அடுக்கினார்.

"கொம்பப் பாத்தேன் லோர்னா. சத்தியமா கொம்பப் பாத்தேன். கிட்டப் போனா பையன். புழுங்குதுன்னு ஆரஞ்சுச் சட்டையக் கழட்டி இடுப்புல கட்டியிருந்தான். எங்க அக்கா மொகத்துல எப்பிடி முழிப்பேன்? கூட்டத் தேடுனேன். குனிஞ்சு தேடிக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் என் தலைக்கு மேல ஒரு குண்டு போச்சு. ஓடிட்டேன். புள்ளயும் சுட்டிருக்கான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சின்னப் பொண்ணு, விபத்துன்னு விட்டுருவாங்கன்னு..."

"நீங்க கிட்டப் போனப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சா?"

அவர் கட்டை மேசை ஓரத்தில் வைத்தார். சீட்டுகள் மேசையிலிருந்து சரிந்து தரையெங்கும் விழுந்தன. யாரும் குனியவில்லை.

அப்பா என்னை வெளியே கூட்டி வந்தார். "ஆத்துல போடச் சொன்னேன்ல?" என்றார்.

"கை வரலப்பா."

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான். நான் தப்பித்துவிட்டேன் என்று அழுதார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தலைக்கு மேல போன குண்டு என்று நெவில் அங்கிள் சொன்னது அதற்கு அப்புறம்தான் என் புத்தியில் ஏறியது.

ஹெலிகாப்டர் அருகே லோர்னா தனியாக நின்றிருந்தார். நெவில் அங்கிள் பின்சீட்டில் இருந்தார். நேற்று போட்டிருந்த அதே பழுப்பு மழைக்கோட்டு. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லோர்னா, அந்தப் பெரணியில மான் தடம் இருந்துச்சா?"

"ராத்திரி பூரா மழ. பெரணிக்கடியில பூட்ஸ் தடம் மட்டும் தங்கியிருக்கு. குளம்படி ஒண்ணுகூட இல்ல."

"நான் கொம்பப் பாத்தேனே."

"எல்லாரும் பாத்ததாத்தான் சொல்றாங்க கெரி. இருபது வருசமா இந்த மாதிரிச் சாவுக்கு வரேன். கொம்பப் பாக்காம சுட்டேன்னு ஒருத்தர் கூடச் சொன்னதில்ல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "குட்டைத் துப்பாக்கிக்கு அது ஒண்ணுதான் கெட்ட குணம். மனசு வர்றதுக்கு முன்னாடி தோளுக்கு வந்துரும்."

அதன் பிறகு நெவில் அங்கிளுக்குத் தண்டனை கிடைத்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் துப்பாக்கி பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அப்பா அதைத் தொடுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கண்ணை மூடினால் அந்தப் பெரணி வருகிறது. பழுப்பு முதுகு வருகிறது. அதற்கு மேல், மங்கிய வானத்தில், கொம்பு தெளிவாகத் தெரிகிறது. ஆறு கிளை. இடது பக்கத்தில் ஒன்று நுனி உடைந்தது. இன்றைக்கும் என்னால் அதை வரைந்து காட்ட முடியும்.

அங்கே குனிந்திருந்தது ஒரு மனிதர் என்றால், அந்தக் கொம்பு எங்கிருந்து வந்தது?