சூடு ஆறாத அச்சு

பிளாஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. இறுகும்போது சுடும்; அரை மணி நேரத்தில் ஆறி ஜில்லென்று ஆகிவிடும். திங்கட்கிழமை காலையில் மேஜைமேல் கிடந்த அந்த மேல்தாடை அச்சு வியாழக்கிழமை மத்தியானமும் சுட்டது.

பல்செட்டுக்காரர் அதை எடுத்தார், வைத்தார், விரல்களை ஊதிக்கொண்டார். யாருடைய வாய் என்று அடியில் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும், எதுவும் இல்லை. ஒரு பல்கூட இல்லாத வழவழப்பான ஈறு. கொண்டுவந்து வைத்தது யார் என்றும் தெரியவில்லை.

முன்னறையில் கிளினிக் நடத்தும் பல் டாக்டர் குடையோடு எட்டிப் பார்த்தார். "என்ன டைப்ரைட்டர் சார், யாரோட வாய் அது?"

"தெ... தெ... தெ..."

"தெரிஞ்சதும் தந்தி அடிச்சிடுங்க. நான் கிளம்புறேன்."

டைப்ரைட்டர் என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. பல்செட்டுக்காரர் வணக்கம் சொல்ல ஆரம்பித்தால், எதிரில் நிற்பவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். அப்போதும் 'வ' பாக்கி இருக்கும். ஊரில் பாதிப்பேர் அவர் செய்த பல்லைக் கட்டிக்கொண்டுதான் வாய் கிழியப் பேசினார்கள். செய்தவர் வாய் மட்டும் நொண்டி வண்டி. சாமியிடம்கூட அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்டு முடிப்பதற்குள் சாமிக்குத் தூக்கம் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

டாக்டர் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. பின்னறைக்குள் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி கலங்கியது. உருகிய மெழுகின் வாசனை, மூக்கை அறுக்கும் மருந்து வாசனை, அதற்கெல்லாம் அடியில் புதிதாக ஒன்று: யாரோ மிக அருகில் வாயைத் திறந்து வைத்திருப்பதைப் போல, வெதுவெதுவென்று ஒரு மூச்சு வாடை. சுவரோடு சுவராக நின்ற அலமாரியில் பழைய அச்சுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. செட் உடைந்தால் திரும்பி வருவார்களே என்று அவர் எதையும் எறிந்ததில்லை. ஆட்களில் பலர் செத்து மண்ணாகிவிட்டார்கள்; வாய் மட்டும் பத்திரமாக இருந்தது. ஒரு ஊரே வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது.

அப்போதுதான் குரல் வந்தது. காதில் இல்லை. அவர் பற்களில். கடைவாயில் தொடங்கி முன்பல்வரை ஒவ்வொன்றாக அதிர்ந்தது.

"உன்னை அழைக்கிறேன். என் சொல்லை நீ சொல்."

முழங்கால் தானாக மடங்கியது. யார் என்று கேட்கத் தோன்றவே இல்லை, உடம்புக்குத் தெரிந்திருந்தது.

"எ... எனக்குப் பேச வராதுங்க சாமி. நா... நான் எதுக்கும் லாயக்கில்லாதவன். வே... வேற யாராவது நல்லாப் பேசுறவங்களா..."

"யார்?"

நன்றாகப் பேசுகிறவர்கள் என்றதும் மனசில் முதலில் வந்து நின்றது அவர் மகள். ஏழு வயசு. வீட்டில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கத்திலும் நிலையம் மூடுவதில்லை. கடைக்குப் போனால் அப்பாவுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பெருமை. கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது மேஜைமேல் இரண்டாவதாக ஒரு அச்சு இருந்தது.

சின்னது. பால்பற்கள். முன்னால் ஒரு இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை அவரே நூல் கட்டிப் பிடுங்கிய பல்லின் இடம். தொட்டார். சுட்டது.

"நானே வர்றேன்!"

வாழ்நாளில் அவர் திக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

"லாயக்கில்லை என்றாயே. வாய் தருகிறேன். உன் கையாலேயே செய்."

செய்தார். மெழுகை உருக்கினார், பற்களை வரிசை பார்த்துப் பதித்தார், வெந்நீரில் வேகவைத்து இறுக்கினார், உரசினார். கை அவருடையதாகவே இல்லை. வேலை முடியும்போது விரல் அந்தப் பெரிய அச்சின் அண்ணத்தில் பட்டது. மேடு மேடாக வரிகள். மூன்றாவது வரி நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. கைரேகை மாதிரிதான் அண்ண வரியும். ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. அவர் மெதுவாக நாக்கை மடக்கித் தன் அண்ணத்தைத் தடவினார்.

மூன்றாவது வரி. நுனியில் பிளவு.

நாக்கு பட்ட முன்பல் ஆடியது.

வலி இல்லை. ரத்தம் இல்லை. ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு மாதுளையை உதிர்த்தது போல மேல்வரிசை மொத்தமும். புதுச் செட்டை எடுத்தார். மாட்டினார்.

டக்.

வாசலில் செருப்புச் சத்தம். "அப்பா! அம்மாவும் நானும் குடை கொண்டாந்திருக்கோம். வாங்க!"

"வந்துட்டேன்டா கண்ணு. மழையில நிக்காதே, உள்ளே வா" என்றது அவர் குரல். தேன் மாதிரி.

"அம்மா! அப்பா திக்காம பேசுறாங்கம்மா!" ரேடியோ கைதட்டிக்கொண்டு குதித்தாள்.

"என்னங்க... நிஜமாவா? இன்னொரு தடவை பேசுங்களேன்" என்று மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"இனிமே நான்தான் பேசுவேன். நீங்க கேட்டா மட்டும் போதும்."

பேசியது அவர் இல்லை. அவர் மேஜைமேல் இருந்தார். பல்லில்லாத அந்தப் பிளாஸ்டர் வாய்க்குள், அசைய முடியாமல். தன் உடம்பு மகளின் விரலைப் பிடிப்பதை அங்கிருந்து பார்த்தார். விளக்கு அணைந்தது. ஷட்டர் இறங்கியது. வெளியே அந்தக் குரல் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தது. அவள் சிரிப்பு தெருமுனைவரை கேட்டது.

கூப்பிட வேண்டும். ஒரே ஒரு தடவை. ஓடு என்று சொல்ல வேண்டும்.

"ரே..." என்றது பிளாஸ்டர். "ரே... ரே..."

அலமாரி முழுக்க வாய்கள் மெல்லச் சிரித்தன.

அவருடைய அச்சு ஆறிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த சின்ன அச்சு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.