அறுபது மீட்டர்

காலை எட்டு பத்து ஆனதும் எழிலி இடப்பக்கக் கண்ணாடியோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். கார் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சியில் ஏறினால் கோயம்புத்தூரில்தான் இறங்க முடியும். நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் ஆயிரம் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போலப் போகும். அந்த ஓட்டச்சாலையை நடத்தும் மூளைக்கு வழிமதி என்று பெயர். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. மனிதர்களுக்கு அதில் வேலையில்லை.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு தென்னந்தோப்பு வரும். அதன் ஓரத்தில், முழங்கால் உயர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒருவன் நிற்பான். ஆறு வருடம் முன்பு ஒருநாள் அவள் விளையாட்டாகக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அவன் கையைத் தூக்கினான். மறுநாளும் அதே நேரத்துக்கு நின்றான். அன்று தொடங்கி மழையோ வெயிலோ, ஒரு நாளைக்கு இரண்டு நொடி. கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை, சற்று ஏறிய நெற்றி, ஒரு கை. அதற்குள் தோப்பு போய்விடும்.

அவனைத் தேடிப் போகவும் முயன்றாள். சாலைகளுக்கு நடுவில் அடைபட்ட ஊர்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். விண்ணப்பத்தின் முதல் கேள்வியே, ‘யாரைப் பார்க்க?’ அவன் பெயர் அவளுக்குத் தெரியாது. ‘கை அசைப்பவரை’ என்று எழுதினாள். வழிமதி அதைப் பிழை என்று திருப்பி அனுப்பியது.

மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய வண்டிப் பிரியர்கள் போராடி வாங்கிய சலுகை ஒன்று உண்டு. பிரேக் மிதிகட்டை வைத்த வண்டி இருந்தால் தன்னிறுத்த உரிமம் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, விரும்பிய இடத்தில், தன் காலாலேயே மிதித்து நிறுத்தலாம். பின்னால் வரும் வண்டிகளை வழிமதி தொண்ணூறு நொடி விலக்கி வைக்கும். ஆனால் மிதித்த இடத்திலிருந்து அறுபது மீட்டருக்குள் வண்டி நிற்க வேண்டும். தாண்டினால் உரிமம் ஆயுளுக்கும் ரத்து.

எழிலி தாழ்வான, சிவப்பு நிற, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினாள். பிரேக்கை மிதித்தால் அது எழுபத்தெட்டு மீட்டரில்தான் நின்றது.

உக்கடத்தில் ஷம்ஷாத் அக்காவின் கடையில் மட்டும்தான் இன்னும் பிரேக் சாமான் கிடைத்தது. அக்கா காருக்கு அடியிலிருந்து சக்கரம் வைத்த பலகையில் படுத்தபடியே வெளியே வந்தாள்.

“டிஸ்க் தேய்ஞ்சு தோசையாட்டம் இருக்குது. பெருசா, காத்துத் துளை வெச்சது போட்டுரலாம். ஆயில் போற ரப்பர் ஹோஸ், பிரேக்க மிதிச்சா உப்புது. கம்பி பின்னுன ஹோஸ் மாத்தணும். புது பிரேக் ஆயில். இதெல்லாம் சரி. டிஸ்க்கைக் கடிச்சு நிறுத்தற பேடு எது வேணும், சொல்லு கண்ணு.”

எழிலி கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். உள்ளே மஞ்சள் பெட்டியில் பந்தயப் பேடு இருந்தது. “கடையிலயே ஒசந்தது அதுதானுங்க அக்கா?”

“ஒசந்ததுதான். ஆனா உனக்கு ஆகாது. அது சூடேறுனாத்தான் கடிக்கும். எங்கூட்டுக்காரராட்டம். வெடியக்காலைல எழுப்புனா பொரண்டுதான் படுப்பாரு. வெயிலேறட்டும், அப்பறம் பாரு ஆட்டத்தை.” அக்கா சாம்பல் நிறப் பேடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இது பச்சத்தண்ணியாட்டம் இருக்கறப்பவே கடிக்கும். சாதுவான பேடு. இதைப் போட்டுக்கோ.”

“சாதுவெல்லாம் வேண்டாங்க. எனக்கு ஒரே ஒரு தடவைதானுங்க நிக்கணும்.”

“அதுக்குத்தாண்டி சொல்றேன்!”

எழிலி பிடிவாதமாக நின்றாள். ஆறு வருட ஆசைக்குச் சாம்பல் நிறப் பேடு போதாது என்று அவளுக்குத் தோன்றியது. அக்கா பெருமூச்சு விட்டு மஞ்சள் பெட்டியைப் பிரித்தாள்.

உரிமம் வாங்கச் சோதனைத் திடலில் பத்து முறை ஓட்டி நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது. முதல் இரண்டு ஓட்டம் கணக்கில் வராது. மற்ற எட்டிலும் வண்டி அறுபதுக்குள் நின்றது; கடைசி மூன்றில் ஐம்பத்தைந்து மீட்டரிலேயே. டிஸ்க்கிலிருந்து கருகல் வாடை வந்தது. உரிமத்தை வாங்கிக்கொண்டு அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். “பாத்தீங்களா அக்கா?”

“சந்தோசம் கண்ணு,” என்றாள் அக்கா. “பத்தாவது தடவை நல்லாத்தான் நிக்கும்.”

எழிலிக்கு அந்தப் பேச்சு அப்போது உறைக்கவில்லை.

குறித்த நாளில் வழிமதியே ஓட்ட, வண்டி பொள்ளாச்சியிலிருந்து பத்து நிமிடம் பிரேக்கே தொடாமல் ஓடி வந்தது. மார்கழிக் காற்று சக்கரங்களைக் குளிரவைத்திருந்தது. தோப்புக்கு அறுபது மீட்டர் முன்னால் ஒரு வேப்பமரம். வழிமதி குரல் கொடுத்தது: “வண்டி உங்களுடையது.” மரம் வந்தது. எழிலி முழு பலத்தோடு மிதித்தாள்.

வண்டி நிற்கவில்லை. மரக்கட்டையை மிதித்தது போல இருந்தது. வண்டி வழுக்கிக்கொண்டே போனது. இடப்பக்கம் அவன் வந்தான். தூக்கிய கை பாதியிலேயே நிற்க, வாய் திறந்திருந்தது. அவன் பின்னால் போனான். அதற்குப் பிறகுதான் பேடு கடித்தது. டயர்கள் அலறின. வண்டி நின்றபோது திரையில் எண் மின்னியது: தொண்ணூற்றெட்டு. அதன் கீழே: உரிமம் ரத்து. புறப்பட எண்பத்தொன்பது நொடிகள்.

எழிலி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். சாம்பல் நிறப் பேடாக இருந்திருந்தால் இப்போது அவன் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பான். தலையை நிமிர்த்தி பின்புறம் காட்டும் சிறு கண்ணாடியைப் பார்த்தாள்.

அவன் தடுப்பைத் தாண்டிவிட்டான். சாலையோரப் புல்லில் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். வலது கால் தரையை இழுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு முழுதும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஆறு வருடமாக நின்றவனைத்தான் பார்த்திருக்கிறாள். அவன் நடந்து பார்த்ததில்லை. தோப்புக்கு அப்பால் வெகுதூரத்தில்தான் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. அங்கிருந்து இந்தக் காலோடு, தினமும், இரண்டு நொடிக்காக.

இன்னும் ஐம்பது நொடிகள். அவன் பாதி தூரம்கூட வரவில்லை.

எழிலி கதவைத் திறந்தாள். “ஓட்டுநர் இறங்கினால் வண்டி காத்திருக்காது,” என்றது வழிமதி. “மீண்டும் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு இல்லை.” அவள் இறங்கினாள். ஓடினாள். செருப்பு ஒன்று புல்லில் கழன்றது.

இருவரும் நான்கடி இடைவெளியில் நின்றார்கள். அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் பின்னால் சிவப்புக் கார் மெல்ல உருண்டு, வேகம் பிடித்து, கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. விலகியிருந்த வண்டிகள் மறுபடி சீறத் தொடங்கின.

“ஐயையோ, வண்டி போகுதுங்க!” என்றான் அவன்.

“போவட்டுங்க.”

“நீங்க எப்பிடிப் போவீங்க?”

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து மெதுவாகக் கண்ணுக்கு வந்தாள், கண்ணிலிருந்து தாடைக்கு. ஒன்று, இரண்டு என்று மனம் தானாகவே எண்ணியது. வழக்கம்போல அந்த முகம் பின்னால் நழுவிப்போக அவள் கண்கள் காத்திருந்தன.

மூன்று. நான்கு.

அது அங்கேயே இருந்தது.