பின் சீட்டுத் தூக்கம்

மதியம் இரண்டே கால். ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கி உள்ளே வந்தவள், அந்தப் பழைய காரின் பின் கதவைத் திறந்து, "சாப்பிட்டுட்டு மறுபடி படுங்க" என்றாள். கழற்றிப் போட்ட சீட் உறைகளைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்த கணவன் அசையவில்லை. வழக்கமாக ஒரு 'ம்' வரும். அதட்டினால் இன்னொரு 'ம்' வரும். இன்று எதுவும் வரவில்லை. உறையை விலக்கி, தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை தன் போக்கில் சாய்ந்தது. மூச்சு மட்டும் இழைபோல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அந்த ஒர்க்‌ஷாப்பின் ஏசி மெக்கானிக். அவன் அங்கேயே பெயிண்டர். முதலாளி அவளுடைய அண்ணன். குடும்பத் தொழிலில் சண்டைக்கு வெளியே போக வேண்டியதில்லை.

மூன்றரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்டேஷனில் அந்த அம்மாளுக்குச் சல்லடை என்று பெயர். யார் எவ்வளவு கொட்டினாலும் சலித்துவிட்டு, கல்லை மட்டும் கையில் வைத்துக்கொள்வார். அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று காவலர்கள் நம்புவதையும் அவர் கெடுக்கவில்லை.

வாசலிலேயே மருத்துவரின் அழைப்பு வந்தது.

"மேடம், என் கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. அவர் எதைச் சுவாசிச்சாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஏசி கேஸ்னா இதயத்துடிப்பு எப்ப வேணா தவறும், ஆளை அசைக்கவே பயம். வண்டிப் புகைன்னா கதை வேற. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அழுத்த அறையில வெச்சு ஆக்சிஜன் கொடுக்கணும். தள்ளிப் போட்டா உயிர் பிழைச்சாலும் மூளை மிஞ்சாது."

"ரத்தத்துல தெரியாதா?"

"அந்த மெஷின் எங்ககிட்ட இல்ல. வெளிய அனுப்பியிருக்கேன், நாளைக்குத்தான் வரும்."

"நீங்க எதை நினைக்கறீங்க?"

"வண்டி ஓடவே இல்லைன்னு அவர் மச்சான் அடிச்சுச் சொல்றாரு. ஓடாத வண்டியில புகை ஏது? கேஸ்னுதான் வெச்சிருக்கேன். ஆனா மனசு ஒப்பல. பொழுது சாயறதுக்குள்ள ஏதாவது சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் போனை உள்ளே வைத்தார். பிணம் காத்திருக்கும், அதற்கு அவசரமில்லை. உயிருள்ளவனை வைத்துக்கொண்டு துப்பறிவது அவருக்குப் பிடிக்காத வேலை.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். துளைக்கும் இயந்திரம் காலையிலிருந்து காதைப் பிளந்தது. தூசிக்குப் பயந்து எல்லாக் கடைகளும் ஷட்டரை இறக்கியிருந்தன. பக்கத்து வெல்டிங் கடைக்காரர் சாட்சி சொல்ல ரொம்ப ஆவலாக இருந்தார்.

"காலையில புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை மேடம். 'வண்டிக்குள்ள படுத்துத் தூங்குறதே உனக்குப் பொழப்பாப் போச்சு'ன்னு அந்தம்மா கத்துச்சு. இந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டுதுன்னா பாத்துக்கங்க."

"மதியம் யாரைப் பாத்தீங்க?"

"அந்தம்மா சாப்பாடு எடுத்துட்டு வர வீட்டுக்குப் போச்சு. அப்புறம் முதலாளி ஏசி அழுத்தம் பாக்கற கேஜைத் தூக்கிக்கிட்டுப் பக்கக் கதவு வழியா உள்ள போனாரு. கொஞ்ச நேரத்துல போனைக் காதுல வெச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. வேற யாரும் வரல."

மெக்கானிக் காரின் அருகில் நின்றாள். கையில் அந்தக் காரின் சாவி. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணன் இருக்காரு. நான் இங்கயே இருக்கணும்னு போலீஸ்காரர் சொல்லிட்டாரு."

"காலையில என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"ஏசி குளிரலைன்னு வந்த வண்டி. கேஸ் மொத்தமும் போயிருந்துச்சு. குழாய் மூட்டுல ரப்பர் வளையம் காய்ஞ்சு வெடிச்சிருந்தது, மாத்தினேன். குழாய்க்குள்ள இருந்த காத்தை உறிஞ்சி வேக்குவம் பிடிச்சுக் காத்திருந்தேன். முள் துளிகூட ஏறல. அதாவது லீக் இல்ல. அப்புறம் வெளியில நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் கேஸ் ஏத்தினேன். நல்லாக் குளிர்ந்துச்சு. தூசி கிளம்பினதும் இன்ஜினை நிறுத்தி உள்ள தள்ளிட்டோம்."

"சாவி?"

"என் பாக்கெட்ல. ஆனா பழைய வண்டி மேடம், உங்க வீட்டுப் பீரோ சாவி போட்டாலும் திரும்பும்."

"கதவைத் திறந்தப்ப புகை வாடை அடிச்சுதா?"

"இந்த ஷெட்ல புகை வாடை இல்லாத நாளே கிடையாது."

இன்ஸ்பெக்டர் சுவரில் தொங்கிய கேஜைக் காட்டினார். "மாட்டுங்க. கேஸ் இருக்கா இல்லையான்னு பாப்போம்."

அவள் நீலக் குழாயை ஒரு மூட்டிலும் சிவப்புக் குழாயை இன்னொரு மூட்டிலும் மாட்டினாள். இரண்டு முள்ளும் ஒன்றாக எழும்பி, ஒரே அழுத்தத்தில் நின்றன.

"அப்ப கேஸ் இருக்கு. நீங்க தப்பிச்சீங்க."

அவள் தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. "இல்ல மேடம். நின்னுக்கிட்டிருக்கிற வண்டியில பாதிக் கேஸ் போனாக்கூட முள் இப்படித்தான் நிக்கும். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." சொல்லிவிட்டு, முதல்முறையாக அழுதாள். "நான் ஏத்துன கேஸ்தானா மேடம்? வேக்குவம் நின்னுச்சே. நான் பாத்தேனே."

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறவளை இன்ஸ்பெக்டர் அதிகம் கண்டதில்லை. அவளை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அதே ஜீப்பில் அண்ணனை வரவழைத்தார்.

நாலே முக்கால். உதிரிபாக அறை. அண்ணன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை ஈரமாகியிருந்தது.

"மாப்பிள்ளை வண்டிக்குள்ள இருந்தது தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"மதியம் உள்ள போனீங்க."

"போனேன். தங்கச்சி வேலையை ஒரு தடவை பாத்துடலாம்னு. எப்பவும் பாப்பேன். சாயங்காலம் வண்டிக்காரர் வர்றாரு, பேர் கெட்டுடக் கூடாது."

"வண்டியை ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"சாவி அவகிட்ட. நான் தொடவே இல்ல. கேஜை மட்டும் மாட்டிப் பாத்தேன்."

"என்ன காட்டுச்சு?"

"நீல முள் கீழ, சிவப்பு முள் நல்லா மேல. எப்படி இருக்கணுமோ அப்படி."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருபது வருஷமா பாக்கறது மேடம். இதுலயா தப்பு வரும்? அதுக்கப்புறம்தான் உள்ள இருக்கிற கூலிங் காயில் ஒழுகிக் கேஸை விட்டிருக்கணும். அவ கவனமாத்தான் செஞ்சிருப்பா. பழைய வண்டி, யாரைக் குத்தம் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார்.

"டாக்டர், புகை. மூடின ஷெட்ல இன்ஜின் ஓடியிருக்கு. ஆமா, நிச்சயமா. உடனே கிளப்புங்க, வழியெல்லாம் நான் ஆள் நிறுத்தறேன்."

அண்ணனின் கையிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

"உங்க தங்கச்சி இப்பத்தான் அதே வண்டியில கேஜை மாட்டிக் காட்டினாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல நின்னுது. இன்ஜின் நின்னிருந்தா கேஸை அமுக்கற கம்ப்ரஸர் சுத்தாது. சுத்தலைன்னா ரெண்டு பக்கமும் அழுத்தம் சமமாயிடும். நீலம் கீழயும் சிவப்பு மேலயும் பிரிஞ்சு நிக்கணும்னா இன்ஜின் ஓடியாகணும். நீங்க இருபது வருஷமா ஓடுற வண்டியிலதான் முள்ளைப் பாத்திருக்கீங்க. இன்னிக்கும் அப்படித்தான் பாத்தீங்க. பொய் சொல்றப்பகூட, பாத்ததை மாத்திச் சொல்ல வாய் வரல."

வெளியே துளைக்கும் இயந்திரம் நின்றது. அறையில் அவர் மூச்சுவிடுவது கேட்டது.

"என் வண்டிச் சாவியைப் போட்டேன், திரும்பிடுச்சு," என்றார் அண்ணன். "குளிர் நிக்குதான்னு பாக்க ஓடவிட்டேன். தூசின்னு ஷட்டரைத் தூக்கல. போன் வந்துச்சு, கேஜைக் கழட்டிட்டு வெளிய போனேன். பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. திரும்பி வந்து இன்ஜினை நிறுத்தினப்பதான் உறைக்கு அடியில கால் தெரிஞ்சுது. கூப்பிட்டேன். எழுந்திரிக்கல. செத்துட்டான்னு நினைச்சேன் மேடம். பக்கக் கதவைத் திறந்து விட்டு, காத்தாடியையும் போட்டுட்டு ஓடிட்டேன்."

"உயிர் இருக்குன்னு தெரிஞ்சப்புறம்?"

"வாய் வரல. கேஸ்னா விபத்துன்னு விட்டுடுவாங்க, அவளுக்கும் பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு..."

"கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு டாக்டர்கிட்ட வண்டி ஓடலைன்னு சொன்னீங்க. உங்க தங்கச்சி புருஷன் உயிருக்குத் தவிச்சுக்கிட்டிருந்தான். நீங்க உங்களைக் காப்பாத்திக்கிட்டிருந்தீங்க." இன்ஸ்பெக்டரின் குரல் அதிகம் உயரவில்லை. ஆனால் வாசலில் நின்ற காவலர் தானாக நிமிர்ந்தார்.

இரவு முழுவதும் அவள் பெரிய ஆஸ்பத்திரியில் அழுத்த அறையின் வட்டக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உட்காரச் சொன்னவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டு நின்றாள். நடந்ததை இன்ஸ்பெக்டர் அவளிடம் நேரிலேயே சொன்னார். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். அண்ணனைப் பார்க்கிறீர்களா என்றதற்கு, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

விடிந்த பிறகு அவனை வெளியே கொண்டுவந்தார்கள். கண் திறந்திருந்தது. பெயர் கேட்டார்கள், சொன்னான். கைவிரலை மடக்கச் சொன்னார்கள், மடக்கினான்.

அவன் கண்கள் மனைவியைத் தேடிப் பிடித்தன. நாக்கு இன்னும் தடித்திருந்தது.

"அந்த வண்டி... கூலிங் வந்துச்சா?"

அவள் அவன் நெற்றியில் கையை வைத்தாள்.

"வந்துச்சு. அண்ணன்கூட செக் பண்ணிட்டாரு."